அன்னபாக்கியத்தின் அப்பமும் முப்பத்தொரு துண்டுக் கடதாசியும்

வன்னியில் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் அப்பம் சுடத் தெரிந்த பெண்கள் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் பேர் எடுத்தது அன்னபாக்கியம் ஒருத்திதான். இதை மறுக்கிற ஆள் யாரும் இருந்தால், அவர் அந்தக் காலத்தில் அங்கே வாழாத ஆளாக இருக்க வேண்டும். ஓரம் மெல்லிசாக, பொன்னிறமாக, கையில் எடுத்தால் உடைகிற மாதிரி இருக்கும். நடு பஞ்சு போல இருக்கும். தாச்சியில் மாவை விட்டு ஒரே ஒரு சுழற்று. இரண்டாம் சுழற்று அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, புருஷனும் பதினொரு வயது மகனும் ஒரு மண்வெட்டியும் இரண்டு சாக்கு மூட்டையுமாக யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வந்து இறங்கியவள் அவள். வந்த இடத்தில் வீடு இல்லை, பாதை இல்லை. பாலைமரமும் வீரைமரமும் நின்றன. புருஷன் காடு வெட்டி, கட்டை பிடுங்கி, முதல் விதைப்புக்கு நிலத்தை ஆக்கிவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டான். காணியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வா என்று சொந்தக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். அன்னபாக்கியம் வந்த ஆள்களுக்கு எல்லாம் அப்பம் சுட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அவளுடைய தமையன் வீரகத்தி பக்கத்துக் காணிக்காரன். அவன்கூட ஒரு பெண் தனியே இந்தக் காட்டுக்குள் நின்று பிடிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தான். அடுத்த வருஷம் அவளுடைய வயல் அவனுடைய வயலைவிட நன்றாக விளைந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை.

பள்ளிக்கூட வேலிக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கிடுகு போட்டு, அப்பக் கொட்டிலைத் தொடங்கினாள். விடியற்காலை அடுப்பு மூட்டினால், பள்ளிக்கூட மணி அடிக்கும்போது ஓலைப்பெட்டி வெறுமையாக இருக்கும். தூரத்து வாய்க்கால் கரையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்து வருகிற பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார்கள். தலைமை வாத்தியார் அப்புத்துரையும் தினமும் இரண்டு பாலப்பம் எடுப்பிப்பார். அன்னபாக்கியம் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்து வைப்பாள், அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் நடப்பது பாதி வாத்தியாராலும் பாதி தன்னுடைய அப்பத்தாலும் என்று சொல்லுவாள். அதில் பொய் இருக்கவில்லை.

அந்த அப்பத்தின் சூட்சுமம் கள். அப்ப மாவுக்குக் கள் விடுவது யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எந்தக் கள் என்பதில்தான் ஆள் தெரியும். மரத்திலிருந்து இறக்கிய உடனே கொண்டுவந்து விட்டால் மா பொங்காது. மண் முட்டியில் நெடுநேரம் கிடந்ததை விட்டால் அப்பம் புளித்துப் போகும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு பதம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் முழுக்கத் தெரியாது. நாக்குத்தான் சொல்லும்.

புருஷன் இருந்தபோது பின்னேரத்தில் அவன் போய் ருசி பார்த்து வாங்கி வருவான். அவன் போன பிறகு அந்த வேலை மகன் கதிர்காமநாதன் தலையில் விழுந்தது. சிற்றம்பலம் கள் இறக்குகிற பனைகளின் அடியில் பின்னேரம் ஆம்பிளைகள் பிளாவும் கையுமாகக் குந்தியிருப்பார்கள். பனையோலையை மடித்துக் கட்டிய அந்தப் பிளாவில் கள்ளை வாங்கிக் குடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைக் கதைப்பார்கள். அங்கே ஒரு பெண் எப்படிப் போவது? பன்னிரண்டு வயதில் பெடியனை அனுப்பினாள். நாக்கில் தொட்டுப் பார், இனிப்பு முடிந்து புளிப்புத் தொடங்குகிற இடத்தில் வாங்கு என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டான். தகப்பனைவிடக் கெட்டிக்காரன். என்ரை பெடியன்ரை நாக்கு ஒரு தராசு என்று அப்பம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பெடியனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாமன் வீரகத்தி சுருட்டுப் பிரியன். நெருப்புப் பெட்டியை வீணாக்குவது அவனுக்குப் பிடிக்காது. வேலிக்கு மேலாலே சுருட்டை நீட்டி, மருமோன், இதைப் பத்த வைச்சுக்கொண்டு வா என்பான். பெடியன் குசினிக்குள் போய் அடுப்புத் தணலில் பிடித்து, அணையாமல் இருக்க இரண்டு இழுவை இழுத்து, வேலிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். குடியேற்றத்தில் இது ஒரு புதினம் இல்லை. சுருட்டுக் குடிக்கிற தகப்பன் உள்ள வீட்டில் எல்லாம் பிள்ளைகள்தான் பற்ற வைத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஐம்பத்தேழாம் ஆண்டு பங்குனி மாதம் அப்புத்துரை வாத்தியாருக்கு அந்த யோசனை வந்தது.

வாத்தியார் நல்ல மனிதர். வெள்ளை வேட்டியும் நாஷனல் சட்டையுமாக, வெற்றிலைகூடப் போடாதவர். அவருடைய சொந்தத் தம்பி குடித்துக் குடித்தே முப்பது வயதில் செத்தவன் என்று கதை. அதனால் மதுவிலக்குச் சபையில் முன்னுக்கு நின்று வேலை செய்தார். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் சபையின் கூட்டம். வன்னிக் காட்டுக்குள்ளே மதுவென்றால் என்னவென்று அறியாத மாணவர்கள் இருக்கிறார்கள் என்று அங்கே எழுந்து நின்று சொல்ல அவருக்கு ஆசை. அதற்காக மேல்வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் ஒவ்வொரு துண்டுக் கடதாசி கொடுத்தார். கள், சாராயம் தொட்டதுண்டா, எத்தனை தரம், பீடி, சுருட்டு, சிகரெட் உண்டா, எத்தனை தரம், கஞ்சா உண்டா, இவற்றைப் பற்றி உன் எண்ணம் என்ன. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, உண்மைதான் எழுதுவோம் என்று தொட்டுச் சத்தியம் செய்யப் பண்ணினார்.

இரண்டோ மூன்றோ பேர் ஒத்துக்கொள்ளுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். பின்னேரம் வீட்டில் இருந்து வாசித்துப் பார்த்தால் இருபத்தொன்பது பேர் ஓம் என்று எழுதியிருந்தார்கள்.

கள் அப்பத்தில் சாப்பிட்டேன் என்று பன்னிரண்டு பேர். அரிவி வெட்டுக் காலத்தில் வயலில் பெரியாட்களோடு சேர்த்துத் தந்தார்கள் என்று ஐந்து பேர். வைரவர் மடைக்கு வைத்த சாராயப் போத்தலை நக்கிப் பார்த்தேன் என்று ஒருவன். அப்பு சுருட்டுப் பற்ற வைக்கத் தருவார் என்று பதினெட்டுப் பேர். பரியாரியார் வயிற்றோட்டத்துக்குத் தந்த லேகியத்தில் கஞ்சா இருந்ததாக அம்மா சொன்னா என்று ஒரு பெண்பிள்ளை. எண்ணம் என்ன என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் கெட்டது என்று எழுதி, பெரியவர்கள் குடிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

அப்பத்தையும் லேகியத்தையும் அவர் ஒரு பக்கம் ஒதுக்கினார். அவர் விளக்கம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு துண்டை அவரால் ஒதுக்க முடியவில்லை. அழகான கையெழுத்தில் இருந்தது. கள்: நாள்தோறும். சுருட்டு: நாள்தோறும். தொடங்கியது: பன்னிரண்டு வயதில். கீழே பெயர்: கதிர்காமநாதன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டுப் பெடியன் வீட்டுக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். தாய்க்கு வாத்தியார் எழுதியது. அன்னபாக்கியம் அரிசி ஊறவைத்துக்கொண்டு நின்றாள். கை ஈரம், வாசிச்சுச் சொல் என்றாள். கை காய்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பெடியன் நிமிர்ந்து நின்று வாசித்தான். தங்கள் மகன் நாள்தோறும் மதுவும் புகையிலையும் பாவிக்கும் பழக்கமுள்ளவன் என்று தன் கைப்பட எழுதியிருக்கிறான், மற்ற மாணவர்களின் நன்மையை முன்னிட்டு அவனுடைய பெயரை இடாப்பிலிருந்து நீக்க உத்தேசித்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குத் தாங்கள் வர வேண்டும்.

"திருப்பி வாசி," என்றாள்.

ஒரு எழுத்து விடாமல் திருப்பி வாசித்தான்.

"நீ என்னடா எழுதினனி?"

"உள்ளதை எழுதினனான்."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோதனைக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, கதிரையில் இருந்து வேலை பார்க்கப் போகிற பிள்ளை, அவனைக் குடிகாரன் என்று நிற்பாட்டுவதா? வாத்தியாருக்கு அப்பம் சுடுகிற விஷயம் விளங்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்குப் போய் நாலு சொல்லில் விளங்கப்படுத்திவிட்டு வரலாம். பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மண் சுமந்தவள் அவள். அவளுடைய பெடியனின் பெயரை வெட்டுகிற பேனை இன்னும் வாங்கப்படவில்லை. அந்த இரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தேவாரம் பாடிய பிறகு கூட்டம் தொடங்கியது. பிள்ளைகள் ஒரு பக்கம் நிலத்தில் இருந்தார்கள், பெற்றோர் மறுபக்கம் வாங்குகளில். வீரகத்தி பின்னுக்கு இருந்தான். அன்னபாக்கியம் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓலைப்பெட்டி நிறைய அப்பத்தோடு உள்ளே வந்தாள். கேட்காமலே எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். வாத்தியாருக்கு இரண்டு, மேசையில் வாழையிலை போட்டு வைத்தாள்.

இல்லை என்று எழுதிய இரண்டு பெடியன்களையும் வாத்தியார் முன்னுக்கு நிற்க வைத்திருந்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பூ. அவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதாக இருந்தது. அவர்களுக்கும் அப்பம் நீட்டினாள். ஒருவன் வாயைத் திறந்து வேண்டாம் என்றான். அவனிடமிருந்து ஒரு வாசம் வந்தது. பச்சிலை வாசம். அது அவளுக்குத் தெரிந்த வாசம், எங்கே என்றுதான் அப்போது பிடிபடவில்லை. இப்ப அதுக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாத்தியார், நீங்கள் மூண்டு வருஷமாய் என்ரை அப்பம் சாப்பிடுறியள். அதிலை கள்ளு விடுறதெண்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?"

பின்னுக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள். வீரகத்தி செருமினான். அன்னபாக்கியத்துக்கு வெற்றி கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படியென்றால் முதலில் உங்கள் பேரை வெட்டுங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள்.

வாத்தியார் கோபப்படவில்லை. "தெரியும்," என்றார். "அது நெருப்பிலை போற கள்ளு. அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. பன்னிரண்டு பிள்ளையள் அப்பமெண்டு எழுதினவை, அவையிலை ஆரையும் நான் ஒண்டும் சொன்னனானோ? உங்கடை மகன் எழுதினது பச்சைக் கள்ளு."

"நாக்கிலை தொடுறான். அது அவன்ரை வேலை. தொட்டுப்போட்டுத் துப்புறான். அந்த நாக்கு இல்லாட்டில் இந்தப் பள்ளிக்கூடத்திலை பாதிப் பிள்ளையள் பட்டினி."

"நான் கேட்டால் பயத்திலை சொன்னதெண்டு சொல்லுவியள். நீங்களே கேளுங்கோ."

கேட்க என்ன இருக்கிறது என்று அவள் திரும்பினாள். பெடியன் எழும்பி நின்றான். பதினைந்து வயதுக்கு நல்ல உயரம்.

"தம்பி, எல்லாருக்கும் கேக்கச் சொல். விழுங்கிறனியோ, துப்புறனியோ?"

"முந்தித் துப்பினனான், அம்மா. துப்பினால் அங்கை இருக்கிறவை ஏசுவினம். ஆம்பிளைப்பிள்ளை துப்புறானோ எண்டு. பிறகு விழுங்கினனான். இப்ப கால் பிளா. சில நாள் அரைப் பிளா."

அன்னபாக்கியம் ஓலைப்பெட்டியை நிலத்தில் வைத்தாள்.

"எனக்கு ஏன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. வாத்தியார் கேட்டவர், எழுதினனான். குடிக்காத நாள் ஏதோ குறைஞ்ச மாதிரிக் கிடக்கு. அதையும் எழுத இடம் இருக்கேல்லை."

காட்டை வெட்டியபோதும், புருஷனை எரித்தபோதும், சொந்தக்காரரைத் திருப்பி அனுப்பியபோதும் அன்னபாக்கியத்துக்குச் சொல் இல்லாமல் போனதில்லை. இப்போது போனது. மூன்று வருஷமாக அவள் ஊருக்கெல்லாம் மெச்சிய நாக்கு அது. அதை மரத்தடிக்கு அனுப்பியவள் அவள்தான். வேறு ஆரையும் கைகாட்ட முடியாது. மேசையில் இருந்த இரண்டு அப்பத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"சரி. பிழை என்னுடையது. இண்டையோடை அவன்ரை நாக்கு வேலை முடிஞ்சுது. இனிக் கள்ளுக்கு அவன் போகமாட்டான். வேலியிலை நீட்டுற சுருட்டும் தொடமாட்டான். அண்ணை, கேக்குதோ? நெருப்புப் பெட்டி ஒண்டு வாங்கி மடியிலை வைச்சிருங்கோ."

பின்னுக்கு இருந்த வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டான். சுருட்டுக் குடிக்கிற மற்றத் தகப்பன்மாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

வாத்தியாரின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் அவர் விடவில்லை. நீங்கள் சொல்கிறதை நான் நம்புகிறேன் என்றார். ஆனால் ஒரு பிள்ளை மூன்று வருஷம் குடித்திருக்கிறான், அவனை இதே வாங்கில் வைத்துக்கொண்டு, கற்பூரத்தில் சத்தியம் செய்து தொடவே இல்லை என்று எழுதிய இந்த இரண்டு பிள்ளைகளுக்கு நான் என்ன மரியாதை செய்கிறேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். கதிர்காமநாதன் புத்தகங்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டான்.

அந்த இரண்டு பெடியன்களையும் அன்னபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் வாசம் பிடிபட்டது. கொய்யாக் கொழுந்து.

அவளுடைய கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கொய்யா நிற்கிறது. இரண்டு மாதமாக அதில் கொழுந்து நிற்பதில்லை. வீரகத்தியின் ஆடு வேலி பாய்ந்து தின்கிறது என்று அவள் அவனோடு சண்டை பிடித்து, ஒரு கிழமை கதைக்காமலும் இருந்தாள். ஆனால் கொழுந்து போயிருப்பது எந்த உயரத்தில்? இப்போது நினைத்துப் பார்த்தாள். அவள் கையைத் தூக்கினாலும் எட்டாத கொப்பில். எந்த ஆடு அந்த உயரத்துக்கு ஏறும்?

"வாத்தியார், ஒரு பத்து நிமிஷம் என்னோடை வாருங்கோ. என்ரை கொய்யா மரத்தைப் பாத்துப்போட்டு வந்து வெட்டுறதை வெட்டுங்கோ."

வாத்தியார் திகைத்தார். ஆனாலும் எழும்பி வந்தார். வீரகத்தியும் பின்னாலே வந்தான். கொட்டிலின் பின்பக்கம் மரத்தின் கீழ்க் கொப்புகளில் இலை நன்றாக இருந்தது. நடுக்கொப்புகளில் நுனி எல்லாம் கிள்ளியிருந்தது. அடியில் சருகுக்குள்ளே அவள் காலால் தள்ளினாள். பீடித் துண்டுகள். குறைந்தது நாற்பது, ஐம்பது இருக்கும்.

வாத்தியார் அவற்றையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பீடிக்கும் கொய்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு அவர் ஒரு நாளும் பீடி குடித்ததில்லையே. வீரகத்திதான் சொன்னான்.

"கொழுந்தைச் சப்பினால் பீடி மணம் போயிடும், வாத்தியார். நாங்களும் பெடியளாய் இருக்கேக்கை அதுதான் செய்தனாங்கள்." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினான். "என்ரை ஆட்டுக்குக் குடுத்த பேச்சுக்கு இப்ப என்ன சொல்லுறாய்?"

"ஆட்டுக்குப் பிறகு சொல்லுறன்," என்றாள் அன்னபாக்கியம்.

யாருடைய வாயில் கொழுந்து மணந்தது என்று வாத்தியார் கேட்டார். அவள் பேர் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மார் உள்ளே வாங்கில் இருக்கிறார்கள். நீங்களே உள்ளே போய், முன்னுக்கு நிற்கிறவர்களிடம் நாலு சொல் கதைத்துப் பாருங்கோ என்று மட்டும் சொன்னாள்.

"எழுதிறதிலை என்ன கிடக்கு, வாத்தியார்? என்ரை பெடியன் தன்னை வெட்டச் சொல்லுற கடிதத்தை எனக்கு எழுத்து விடாமல் வாசிச்சவன். எனக்கு வாசிக்கத் தெரியாது. அவன் வேறை எதையும் வாசிச்சிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் லீவு குடுத்திருக்கினம் எண்டாலும் நான் நம்பியிருப்பன். இப்பிடி ஒரு பிள்ளையை நீங்கள் வெளியிலை விட்டால், அடுத்த முறை கடதாசி குடுக்கேக்கை உங்களுக்கு முப்பத்தொரு பேரும் இல்லை எண்டு எழுதுவினம். நீங்கள் யாழ்ப்பாணத்திலை போய்ச் சந்தோஷமாய்ச் சொல்லலாம்."

இரண்டாம் வகுப்புப் படித்தவள் சொன்ன கதை இது. வாத்தியார் பயிற்சிக் கலாசாலை படித்தவர். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.

உள்ளே வந்து, முன்னுக்கு நின்ற இரண்டு பேருக்கும் கிட்டப் போய், தேவாரம் ஒன்று சொல்லச் சொன்னார். இருவரும் முதல் அடி பாடினார்கள். போய் இருங்கோ என்றார். பதக்கப் பெட்டியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இடாப்பை எடுத்துக் கதிர்காமநாதனின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். பெடியன் புத்தகங்களோடு எழும்பினான்.

"ஐயா."

"இரு. திங்கட்கிழமை வீட்டுக் கணக்கு செய்துகொண்டு வா."

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் இருபத்தொன்பது துண்டையும் கட்டிக்கொண்டு போனதைப் பஸ்ஸில் கண்டவர்கள் உண்டு. இரண்டு துண்டு வீட்டில் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது வெயில் சரியத் தொடங்கியிருந்தது. கள் வாங்குகிற நேரம். நாளைக்கு அப்பத்துக்கு மா இடித்து வைத்திருந்தது. வீரகத்தி வந்து, நான் போய் வாங்கி வாறன் தங்கச்சி என்றான்.

"உங்களுக்கு எல்லாக் கள்ளும் நல்ல கள்ளுத்தானே, அண்ணை," என்றாள். "நான் போறன்."

"அங்கை ஆம்பிளையள் இருப்பினம்."

"இருக்கட்டும். அவையாலைதானே என்ரை பெடியன் விழுங்கப் பழகினவன். அவையையும் ஒருக்காப் பாக்க வேணும்."

வாய்க்கால் கட்டாலே, எல்லாரும் பார்க்கிற வழியாலே, கையில் முட்டியோடு நடந்தாள். பனையடியில் எட்டுப் பத்துப் பேர் குந்தியிருந்தார்கள். அவளைக் கண்டதும் பிளாக்கள் முதுகுக்குப் பின்னாலே போயின. ஒருவன் அவசரத்தில் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டான். சிற்றம்பலம் பாளைக் கத்தியை இடுப்பில் செருகியபடி மரத்தடியில் நின்றான்.

"என்னம்மா, தம்பிக்குச் சுகமில்லையோ?"

"தம்பி படிக்கிறான். ஊத்தும் சிற்றம்பலம், பாப்பம்."

அவன் பிளாவில் கொஞ்சம் ஊற்றி நீட்டினான். அன்னபாக்கியம் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எட்டிப் போய்க் காறித் துப்பினாள். திரும்பி வந்து அந்தக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"துப்பினனான். ஆராவது ஏசுறதெண்டால் இப்ப ஏசுங்கோ."

ஒருவரும் ஏசவில்லை. இன்னொரு முட்டியைக் கேட்டாள், அதையும் தொட்டாள், துப்பினாள். இரண்டாவதை வாங்கிக்கொண்டு வந்த வழியே போனாள். குடியேற்றம் ஒரு மாதம் அந்தக் கதையைத்தான் கதைத்தது. அன்னபாக்கியம் கள்ளுக் குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றுகூடச் சில பெண்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் காலையில் பிள்ளைகளை அவளிடம்தான் அப்பத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் வயலுக்குப் போகிறவர்கள் வருவார்கள். விடியற்காலை முதல் அப்பத்தைத் தாச்சியிலிருந்து எடுத்தாள். பொங்கவில்லை. தட்டையாக, ஓரம் தடித்து, பெயர் எடுத்த நாளிலிருந்து அவள் கையால் வராத அப்பம். பெடியன் அடுப்படியில் குந்தியிருந்தான். இரவு சரியாக நித்திரை இல்லை அவனுக்கு, கை சும்மா இருக்க மாட்டாமல் சுள்ளி முறித்துக்கொண்டே இருந்தான். இப்படி ஒரு பத்து நாள் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து நாளும் அவன் தன் கண்ணுக்கு முன்னாலே இருப்பான்.

பனையடியில் இரண்டு முட்டி தொட்டுப் பார்த்த கதையை இரவே அவனுக்குச் சொல்லியிருந்தாள். அப்பத்தை அவனிடம் நீட்டினாள். பிய்த்து வாயில் போட்டு மென்றான்.

"முந்தினது நல்லாய் இருந்திருக்கும், அம்மா. நீங்கள் ரெண்டாவதை வாங்கியிருக்கிறியள். அது அப்பத்தான் இறக்கினது."

கள்ளைத் தொடாமலே சொன்னான். அன்னபாக்கியம் தாச்சியை அடுப்பில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். தராசு எங்கேயும் போகவில்லை. இனி அது அப்பத்தை நிறுத்தால் போதும்.

அந்தத் தட்டை அப்பத்தையும் அவள் விற்றாள். வாங்கிய ஒருத்தர் என்ன இது என்று கேட்டதற்கு, இது புது மாதிரி, ரெண்டு நாளிலை பழகிடும் என்றாள். நாலாம் நாள் அப்பம் பொங்கியது. அதன் பிறகு அவளுடைய நாக்கு ஒரு நாளும் பிழை விடவில்லை. எஸ்.எஸ்.சி. எழுதப் போன நாள் காலையிலும் கதிர்காமநாதன் முதல் அப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு விற்பனை தொடங்கியது. வாத்தியார் ஒரு கிழமை அப்பம் எடுப்பிக்கவில்லை. எட்டாம் நாள் தானே நடந்து கொட்டிலடிக்கு வந்து, வழக்கம் போல இரண்டு என்றார். வீரகத்தியின் மடியில் நெருப்புப் பெட்டி இருந்தது. ஆனால் அவனுடைய ஆட்டுக்கு அன்னபாக்கியம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.